சொட்டு நின்ற வீடு

பல்செட் பட்டறையில் உட்கார்ந்திருந்தால் நமக்குச் சிரிப்பு வராது. நம் பங்குக்கும் சேர்த்து அலமாரி சிரித்துக்கொண்டிருக்கும். மேல் வரிசை, கீழ் வரிசை, முழு செட், அரை செட் என்று இன்னும் வாய் கிடைக்காத சிரிப்புகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

அவர்தான் எங்கள் கட்சிக்காரர். மனைவியைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"எம் பொண்டாட்டி போயிட்டா. அவளை இனிமே யாராலயும் கொண்டாந்து குடுக்க முடியாது. பாப்பாவையாவது கொண்டாந்து குடுங்க மேடம். அவ இதைப் பண்ணல."

பாப்பா என்பது மனைவியின் தங்கை. முப்பது வயதைத் தாண்டிய பாப்பா. இவர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றவளாம். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட, வளர்த்தது, படிக்க வைத்தது எல்லாம் இவர்தான். இப்போது வெந்நீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் வடிவமைப்பாளர். நேற்றிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறாள்.

செத்துப்போன அக்காவின் ரத்தத்தில் கூலன்ட் இருந்தது. வண்டி எஞ்சினுக்கு ஊற்றுகிற அதே கூலன்ட். வீட்டு வெந்நீர்த் தொட்டியிலும் அது கலந்திருந்தது. அந்தத் தொட்டியை வடிவமைத்தவள் தங்கை. வீடோ அப்பா வீடு, இரண்டு பெண்கள் பேரிலும் இருக்கிறது. போலீசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கேட்டதும் அந்தப் பெண் "என் தப்புதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு வாயை மூடிவிட்டாள்.

தனியார் துப்பறிவாளரான என் மேடத்துக்கு ஊசி என்று பட்டப்பெயர் வைத்ததும் போலீஸ்காரர்கள்தான். வலிக்காத மாதிரி குத்தி விஷயத்தை எடுத்துவிடுவார். ஊசிக்குப் பின்னாலேயே அலைவதால் நான் நூல். என் அம்மா ஆசையாக வைத்த பெயர் எனக்கே மறந்துவிட்டது.

"கடைசி நாள்ல அவங்க என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார் ஊசி.

"எங்க சாப்பிட்டா? நெஞ்சுச்சளி. மருந்து கசக்குது, சோறு கசக்குது, பாலு கசக்குதுன்னு எல்லாத்தையும் தள்ளிட்டா. சுடுதண்ணி மட்டும்தான் இறங்கும். குழாய்லேருந்து பிடிச்சுப் பிடிச்சுக் குடுப்பேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் வெளிச்சம் மாதிரி ஏதோ வந்தது. "‘எல்லாம் கசக்குது, நீங்க குடுக்கற தண்ணி மட்டும் இனிக்குதுங்க’ன்னா ஒரு நாளு. எத்தனை வருஷம் கழிச்சு எங்கிட்ட அப்படிப் பேசினா தெரியுமா தம்பி?"

கணவன் மனைவி பற்றி நான் ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

"நீங்க அந்தத் தண்ணியைக் குடிக்கலையா?"

"எனக்கு எந்தக் குளிர்லயும் பச்சைத்தண்ணிதான் மேடம்."

பேச்சு முழுக்க அவர் கையில் ஒரு கீழ்வரிசை செட் இருந்தது. கட்டைவிரல் அதன் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பிசிறு இருக்கான்னு பாக்கறேன். நாம விட்டாலும் நாக்கு விடாது தம்பி" என்றார். அழுகிற நேரத்திலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு.

பட்டறைக்கு மேல் மாடியில்தான் வீடு. தொட்டி அங்கே படுக்கையறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தது. அந்த அறைக்குள் வர அவருக்கு மனமில்லை, சாவியை மட்டும் கொடுத்தார். ஆள் உயரத் தொட்டி, மேலே போலீஸ் முத்திரை. கூரையில் இருக்கும் சோலார் தகட்டிலிருந்து இரண்டு குழாய்கள் சுவர் வழியாக இறங்கி அதன் அடிவயிற்றுக்குள் நுழைந்திருந்தன.

ஊசி தரையில் முழங்கால் போட்டுக் குனிந்தார். அவர் குனிந்தால் நானும் குனிய வேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம்.

தொட்டியின் அடியில் பென்சில் பருமனில் ஒரு செம்புக்குழாய் விரற்கடை நீளத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அதன் வாய் இளஞ்சிவப்பாக எதையோ வைத்து அடைக்கப்பட்டிருந்தது. நேர் கீழே ஒரு தகரத் தட்டு. தட்டில் பச்சையாகக் காய்ந்த கறை.

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம். கொலைகாரனுக்கு பபிள்கம் மெல்லற பழக்கம் இருக்கு."

"மென்னு ஒட்டினா பல்தடம் இருக்கும். தடவிப் பாரு."

தடவினேன். வழவழவென்று இருந்தது. செம்பு எங்கே முடிகிறது, அடைப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

"கம்பெனியிலேருந்தே வர்ற மூடியா இருக்கும்" என்றேன்.

"போலீசும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. மூடியோட வர்றதுன்னா கீழ தட்டு எதுக்கு?" அவர் தட்டை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். டங் என்றது. சின்னத் தட்டுக்கு அவ்வளவு பெரிய சத்தம். எழுந்து போய்ப் படுக்கையறையை எட்டிப் பார்த்தார். கட்டிலின் தலைமாடு இந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. திரும்பி வந்து அடைப்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

தொழிற்சாலை மேனேஜருக்கு எங்களைப் பார்த்ததும் வியர்த்தது. "தொட்டியை இங்க கொண்டாங்க, அறுத்துப் பாத்துடலாம்னு போலீஸ்ல தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேக்க மாட்டேங்கறாங்க" என்று புலம்பியபடி வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் தொட்டியிடம் அழைத்துப் போனார். உள்ளே தெரியும்படி பாதியாக அறுத்து நிறுத்தியிருந்தார்கள். அடியில் செம்புக்குழாய் சுருள் சுருளாகப் படுத்திருந்தது.

"கூரைத் தகட்டுல சூடாகி வர்றது தண்ணி இல்ல, கூலன்ட். தண்ணி ஓடினா நம்ம மலைப் பனியில உறைஞ்சு குழாய் வெடிச்சிடும். கூலன்ட் இந்தச் சுருளுக்கு உள்ள சுத்தும். வீட்டுக்குப் போற தண்ணி சுருளுக்கு வெளிய நிக்கும். சுருள் அடியிலதான் இருக்கணும். சூடான தண்ணி மேல ஏறும், குளிர்ந்தது கீழ வந்து திரும்பச் சூடாகும். சூடு மட்டும்தான் கை மாறணும். கூலன்டும் தண்ணியும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது."

"நிச்சயம் பண்ணின பையனும் பொண்ணும் மாதிரி" என்றேன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "எல்லாரும் ஒத்தைக் குழாய்தான் போடுவாங்க. சீக்கிரம் சூடாகும். அந்தப் பொண்ணு ஒத்துக்கல. கூலன்ட் விஷம், ஒரு கீறல் விழுந்தா வீடே குடிக்கும்னு சண்டை போட்டுக் குழாய்க்குள்ள குழாயா வடிவமைச்சா. நடுவுல மயிரிழை இடைவெளி. எந்தக் குழாய்ல கீறல் விழுந்தாலும் அது அடுத்த பக்கம் போகாது. இடைவெளி வழியா இறங்கி வெளிய வந்துடும். இதோ, இந்த வாய் வழியா."

அவர் காட்டிய இடத்தில் அதே பென்சில் பருமன் குழாய். திறந்திருந்தது. கீழே அதே தகரத் தட்டு.

"தட்டு எதுக்கு?" என்றார் ஊசி.

"அதுவும் அவ பிடிவாதம்தான். மத்தவங்க இந்த வாயைச் சாக்கடையில விட்டுடுவாங்க. சொட்டறது ஒருத்தருக்கும் தெரியாது. ‘கண்ணுல பட்டா துடைச்சிட்டுப் போயிடுவாங்க சார், காதுல விழுந்தாத்தான் போன் பண்ணுவாங்க’ம்பா. எந்தத் தகரத்துக்கு எவ்வளவு சத்தம்னு சொட்டு விட்டு விட்டுப் பாத்துத் தேர்ந்தெடுத்தது இந்தத் தட்டு."

"இந்த வாயை அடைச்சா?"

மேனேஜர் அவரைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. "அடைக்கறதா? கூலன்ட் வெளிய வர வழியில்லாம இடைவெளியிலயே தேங்கும். பம்ப் வேற பின்னாலேருந்து அழுத்தும். கொஞ்ச நாள்ல வெளிக்குழாயும் போயிடும். அப்புறம் நேரா தண்ணியிலதான். அந்த வாயை அடைக்கறதும் குடிக்கற தண்ணியில விஷம் வெக்கறதும் ஒண்ணுதான் மேடம்."

"தண்ணியில கலந்தா தெரியாதா?"

"நிறம் தெரியற அளவுக்கு இருக்காது. வாடையும் வராது. ருசிதான் மாறும். தித்திக்கும்."

பட்டறையில் கேட்டது ஞாபகம் வந்தது. நீங்க குடுக்கற தண்ணி மட்டும் இனிக்குதுங்க. ஊசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த வீட்டுல இந்த வாய் எதுக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று ஜன்னலைப் பார்த்தே கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? அவ ஒருத்திக்குத்தான்."

காரில் ஏறியதும் நான் கையை விரித்தேன். "போச்சு மேடம். பாப்பாவைக் காப்பாத்துங்கன்னு கூப்பிட்டாரு. நாம போலீசுக்கு விடுபட்டுப் போன சாட்சியைத் தேடிக் குடுத்திருக்கோம். எதுக்குன்னு தெரிஞ்சவ அவ ஒருத்தி. அடைச்சவ அவதான்."

"அடைக்கத் தெரிஞ்ச ஆள் வேற, அடைச்சா என்ன ஆகும்னு தெரிஞ்ச ஆள் வேற" என்றார் ஊசி. நேராக ஸ்டேஷனுக்கு வண்டியை விட்டார்.

அந்தப் பெண்ணை எதிரில் உட்கார வைத்தார்கள். தூங்காத கண்கள். விரலில் பென்சில் பிடித்த தழும்பு. ஊசி சுற்றி வளைக்கவில்லை.

"அந்த வாயை அடைச்சது யாரும்மா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"அக்கா சாகணும்னு." மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

"எதை வெச்சு அடைச்சே?"

"புட்டி. குழாய் ஒழுகினா வெக்கற புட்டி. கம்பெனியிலேருந்து எடுத்துட்டு வந்தேன்."

ஊசி போனை எடுத்துப் படத்தை அவள் முன்னால் வைத்தார். "சரி. அடைச்சே. காய விட்டே. அப்புறம் ஓரத்தையெல்லாம் தேய்ச்சு, பிசிறு எடுத்து, பாலிஷ் போட்டது எதுக்கு? கொலை பண்ண வந்தவளுக்கு அவ்வளவு நேரமா இருந்தது?"

அவள் படத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இளஞ்சிவப்பைக் காலையில் நான் அலமாரி முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பல்வரிசைக்கும் கீழே இருந்த ஈறின் நிறம் அது. பபிள்கம் என்று சொன்ன என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க மேடம்" என்றாள் அவள். "உங்க கால்ல வேணா விழறேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில கூலன்ட்னு சொன்னதும் தொட்டிகிட்டதான் ஓடினேன். ஒரு தடவை தொட்டுப் பாத்தேன், தெரிஞ்சிடுச்சு. இவ்வளவு நல்லா வேற யாரு செய்வா?" உதட்டைக் கடித்துக்கொண்டாள். "டங்கு டங்குன்னு கேட்டா எனக்கு போன் பண்ணுன்னு அக்காகிட்டதான் சொல்லி வெச்சேன். காய்ச்சல்ல மறந்திருப்பா. மாமாகிட்ட சொல்லல. அவரு அந்த ரூம் பக்கமே வரமாட்டாரேன்னு விட்டுட்டேன். சத்தம் போட்டா யாராவது கவனிப்பாங்கன்னு நெனச்சேன் மேடம். சத்தத்தை மட்டும் நிறுத்திடுவாங்கன்னு நெனைக்கல."

"அதுக்கு நீ கொலைகாரின்னு பேர் வாங்கணுமா?"

"வாங்கிட்டுப் போறேன். நான் எப்படியும் ஒரு நாள் இங்கேருந்து வெளிய வந்துடுவேன். இது தெரிஞ்சா மாமா அதுலேருந்து வெளிய வருவாரா, நீங்களே சொல்லுங்க?"

ஊசி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். அவளிடமிருந்து இன்னொரு கேள்வி வந்தது. "மாமா சாப்பிடறாரா?"

வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றார். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போகிறாராம். காரில் உட்கார்ந்து ஊசி சாவியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சொன்னா அந்த மனுஷன் நொறுங்கிடுவாரு. சொல்லலேன்னா இந்தப் பொண்ணு வாழ்க்கை போச்சு."

"சொல்லாம அவளை வெளிய எடுக்க வழியே இல்லையா மேடம்?"

"மூணாவதா ஒரு ஆளைக் காட்டணும். அப்படி ஒருத்தன் இல்லையே நூலு. இந்தக் கேஸ்ல கெட்டவனே இல்லை."

எத்தனையோ கெட்டவர்களைத் தேடி அலைந்திருக்கிறோம். ஒருத்தன் கிடைக்க மாட்டானா என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

பட்டறையில் பாலிஷ் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் கட்சிக்காரர் அதை நிறுத்திவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பாப்பா சாப்பிட்டாளா?" அதுதான் அவருடைய முதல் கேள்வியும்.

ஊசி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கைப்பையைத் திறந்து திறந்து மூடினார். அவர் தடுமாறி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்க போனப்புறம் யோசிச்சேன் மேடம். ஒரு விஷயம் மறைச்சிட்டேன். உங்க துப்புக்கு உதவுமோ என்னவோ. அந்தத் தொட்டி முன்னாடியே ஒழுகிட்டிருந்தது. அடியில ஒரு குழாய்லேருந்து பச்சையா சொட்டும். செம்புல களிம்பு ஏறியிருக்குன்னு நெனச்சேன். போலீஸ்ல சொன்னா பாப்பா செஞ்ச பொருள் மட்டம்னு ஆயிடும். அவ பேர் கெட்டுடுமேன்னுதான் வாயைத் திறக்கல."

"அப்புறம்?" என்றார் ஊசி.

"தட்டுல விழுந்து டங்கு டங்குன்னு ஒரே சத்தம். இவளுக்குச் சுவத்துக்கு இந்தப் பக்கம் தலைமாடு. கண்ணே மூடல. ‘அந்தச் சத்தத்தை நிறுத்துங்களேன்’னு கெஞ்சினா. பாப்பாவைக் கூப்பிடலாம்னா அவளே வாரம் பூரா உழைச்சிட்டு ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வர்றவ. இதுக்குப் போயி அவளை ஏன் அலைய விடணும்னு நானே அடைச்சிட்டேன்." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. "நம்ம வேலை சுத்தமா இருக்கும் மேடம். அதுக்கப்புறம் ஒரு சொட்டு வரல. அன்னிக்குத்தான் அவ நல்லாத் தூங்கினா."

அவர் ஊசியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஆயுள் முழுக்க மனிதர்களின் வாயையே பார்த்துப் பழகியவர். மூடியிருக்கும் வாய் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், அந்த ஓட்டை எதுக்கு?"

ஊசி சொன்னார். நான்கைந்து வாக்கியங்கள்தான். எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. கடைசியில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு யாரும் சொல்லல. தெரிஞ்சு செய்யல" என்றார். அது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவர் வேறொன்று கேட்டார்.

"இது பாப்பாவுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில சொன்ன அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா அங்க போய் உக்காந்திருக்கா?"

அவர் எழுந்தார். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மோட்டார் ஒயரைப் பிடுங்கினார். பாதியில் கிடந்த செட்டை எடுத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். ஒவ்வொன்றையும் தினமும் செய்வது போலவே செய்தார்.

"வாங்க, போலாம். கோர்ட்டுக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிடணும். எங்கே கையெழுத்துப் போடணுமோ போடறேன். பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

ஊசி காரை எடுக்க முன்னால் போனார். இவர் பூட்டையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றுவிட்டார். சாவி பூட்டைத் தேடியது, கிடைக்கவில்லை.

"இனிக்குதுன்னு சொன்னாளே தம்பி" என்றார் என்னிடம். "எனக்கு ஒரே சந்தோஷம். இன்னும் ஒரு டம்ளர் குடுத்தேன்."

அவர் கையிலிருந்து சாவியை வாங்கி நான் பட்டறையைப் பூட்டினேன்.